ஓடும்போது உடம்பு கடித்தால்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டு உடுத்த உடுப்போடு வெளியேறிய விவசாயி ஒருவரை நாம் அறிவோம். முப்பத்தைந்து வயதில் போனவர், 2016இல் தமது காணி விடுவிக்கப்பட்டபோது அறுபத்தொரு வயதில் திரும்பி வந்தார். இடைப்பட்ட 26 ஆண்டுகளில் பெரும்பகுதியை நலன்புரி நிலையத்தின் வாசலில் ஒரு சிறு பெட்டிக்கடைக்குள் இருந்தே கழித்தவர். தேங்காய் உரிப்பதும், சீனி நிறுப்பதும், கணக்கு எழுதுவதுமே அவருடைய வேலை. அதற்கு முன்னர் அவர் மண்வெட்டி பிடித்த கையோடு ஒரு நாளில் ஆயிரம் கன்று வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிய மனிதர்.

திரும்பி வந்த முதல் மாதம் பற்றை வெட்டுவதிலும் கிணறு இறைப்பதிலும் போய்விட்டது. பின்னர் சிறு துண்டில் வெங்காயம் வைத்தார். ஒருநாள் காலை அயல் வளவு ஆடுகள் இரண்டு தறைக்குள் புகுந்துவிட்டன. காணியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினார். ஆடுகளை வெளியேற்றிவிட்டு வரம்பில் குந்தியவர் எழும்பவில்லை. இரண்டு தொடையையும் வயிற்றையும் நகத்தால் சொறிந்துகொண்டே இருந்தார். அன்று பிற்பகல் நாம் அப்பக்கம் சென்றபோது அவர் சொன்னது இன்றும் எமது காதில் நிற்கிறது.

"சுவாமி, ஆடு போட்டுது, கடி போகேல்லை. இந்த மண்ணுக்கு என்னை அடையாளம் தெரியேல்லை."

கடி என்று எமது ஊர்களில் சொல்வது அரிப்பைத்தான். அடுத்த நாள்களிலும் அவர் ஓடினால், அல்லது வேகமாக மண் கொத்தினால், அதே கடி. மனைவி பற்றைக்குள் ஏதோ பூச்சி இருக்கிறது என்றார். அயலவர் ஒருவர் அதைவிடப் பாரமான கதையைச் சொன்னார்: ஷெல் விழுந்த மண், அதற்குள் மருந்து ஊறிக்கிடக்கிறது, இனி இதில் வேலை செய்தால் தோல் அழுகும் என்பது அவருடைய முடிவு. பெரியவர் மனம் உடைந்து போனார். காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் கடைப்பக்கம் போவதைப் பற்றிக்கூட அந்தக் கிழமை வீட்டில் பேச்சு நடந்தது. கால் நூற்றாண்டாக எந்த மண்ணுக்காகப் பத்திரங்கள் எழுதி, படிவங்கள் நிரப்பி, கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாரோ அந்த மண்ணை, ஒரு கடிக்குப் பயந்து விடப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால், அப்போது எமக்கும் சரியான பதில் தெரியாது. பதில் கிடைத்தது எமது சொந்தத் தொடையிலிருந்துதான்.

அதற்குச் சில வாரங்களின் பின்னர் எமது இரத்தத்தில் சீனி கூடியிருப்பதாக வைத்தியர் கண்டுபிடித்தார். "பாதர், மோட்டார் சைக்கிளை விட்டிட்டு நடவுங்கோ, முடிஞ்சால் மெல்ல ஓடுங்கோ" என்றார். குருமடத்தில் கரப்பந்து விளையாடிய நாள்களின் பின்னர் நாம் ஓடியதே இல்லை. விடியற்காலையில், ஒருவரும் பார்க்காத நேரத்தில், பாடசாலை மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினோம். மூன்றாவது சுற்று, ஏறத்தாழ ஏழாவது நிமிடம். இரண்டு தொடையும் கடிக்கத் தொடங்கின. ஊசியால் குத்துவது போலவும் எறும்பு ஊர்வது போலவும் ஒரு கடி. சாரத்தைத் தூக்கிப் பார்த்தால் தோலில் ஒன்றுமில்லை, தடிப்பில்லை, புள்ளியில்லை. இருந்து இளைப்பாறினோம், அரை மணித்தியாலத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. எமது மைதானத்தில் ஷெல் மருந்தும் இல்லை, பற்றையும் இல்லை. அப்படியானால் பெரியவரின் கடிக்கும் அவருடைய மண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

வைத்தியரிடம் கேட்டபோது சிரித்தார். நெடுங்காலம் ஓடாமல் இருந்து திடீரென ஓடுபவர்களுக்கு இது வழமையாக வருவதுதான் என்றார்.

அதன் காரணத்தை விவசாயிகள் மற்றெவரையும்விட இலகுவாக விளங்கிக்கொள்வார்கள். நாம் சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் தசைகளுக்குப் போவது ஐந்தில் ஒரு பங்குதான். கடுமையாக ஓடும்போது அந்த 5 லீற்றர் 20 லீற்றர் அளவுக்கு ஏறுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தசைகளுக்கே திருப்பிவிடப்படுகிறது. நீங்கள் வாய்க்காலை ஒரு பாத்தியில் மறித்து மறு பாத்திக்குத் தண்ணீர் மாறுவது போன்றதே இது. தினமும் தண்ணீர் ஓடும் வாய்க்கால் இதைத் தாங்கும். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த வாய்க்காலில் இயந்திரம் போட்டு இறைத்தால் என்ன நடக்கும்? வரம்பு பொருமும், மண் கரையும், தண்ணீர் கண்டபடி கசியும். அதுபோலவே, பழக்கமில்லாத மயிர்த்துளைக்குழாய்கள் ஒரேயடியாக விரியும்போது அவற்றின் அருகிலுள்ள நுண்ணிய நரம்புகள் தூண்டப்படுகின்றன. மூளை அதைக் கடியாக வாசிக்கிறது.

இதில் ஹிஸ்ரமின் என்ற பொருளுக்கும் பங்குண்டு. காஞ்சூண்டி பட்டால் தோல் தடிப்பதும், சிலருக்கு இறால் தின்றால் உடம்பு பொங்குவதும் பெரும்பாலும் இதே ஹிஸ்ரமினால்தான். உடற்பயிற்சியின்போது வேலைசெய்யும் தசைக்குள்ளேயே இது வெளிப்பட்டு, இரத்தக் குழாய்களை விரித்துக் கொடுக்கிறது என்பது அண்மைக்கால ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. முன்னர் அரிப்பு என்பது வலியின் சிறிய வடிவம் என்றே மருத்துவ உலகம் நினைத்திருந்தது. ஹிஸ்ரமினுக்கு மாத்திரம் மறுமொழி கொடுக்கும் தனி அரிப்பு நரம்பிழைகள் மனிதரின் தோலில் உண்டென்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1997இல்தான் எடுத்துக்காட்டினார்கள்.

"அப்படியென்றால் ஹிஸ்ரமினை அடக்கும் குளிசை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடினால் என்ன?" என்று எமது இளைஞர் கழகத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பெல்ஜியம் நாட்டின் கென்ற் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குப் பதில் தருகிறது. ஆறு வாரம் பயிற்சி செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஹிஸ்ரமினைத் தடுக்கும் இருவகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்குப் பயிற்சியால் கிடைக்கும் பலன் குறைந்துபோனது. அதாவது எமக்குக் கடியைத் தரும் அதே பொருள்தான் தசையைப் பழக்கியும் எடுக்கிறது. எப்போதாவது ஒரு குளிசை போடுவதால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வகைக் கடிக்குக் குளிசை தேவையில்லை என்பதே எமது அபிப்பிராயம்.

தேவை பொறுமை. முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடவுங்கள். கடி தொடங்கினால் ஓட்டத்தை நடையாக்குங்கள். நகத்தை விட்டுவிட்டு நனைத்த துவாயால் ஒற்றுங்கள். சொறியச் சொறியக் கடி கூடும், நீரிழிவு உள்ளவருக்கு நகம் பட்ட காயம் ஆறவும் மாட்டாது. கிழமைக்கு நாலைந்து நாள் விடாமல் செய்தால், பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் கடி குறைந்து மறைந்துவிடும். ஒரு நாள் ஓடி ஒன்பது நாள் படுப்பவருக்கு அது ஒருபோதும் மறையாது. நாற்பது வயதைத் தாண்டியவர்களும், நெஞ்சுநோவோ பிறஷரோ உள்ளவர்களும் ஓடத் தொடங்குமுன் ஒருமுறை வைத்தியரைக் காண்பது நல்லது. கடியோடு நெஞ்சில் இறுக்கமும் வந்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள்.

வறண்ட தோல் இதை இன்னும் மோசமாக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் எமது பக்கத்துத் தோல் காய்ந்த வாழைச்சருகு போலாகிவிடுகிறது. போதாக்குறைக்குக் கிணற்று நீரின் கடினம். சவர்க்காரம் நுரைக்காது, நுரைக்கவில்லை என்று நாம் இன்னும் கூடத் தேய்ப்போம், அது தோலிலுள்ள கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் உரித்துக்கொண்டு போய்விடும். அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் காலுக்கும் சவர்க்காரம் போதும். முதுகுக்கும் தொடைக்கும் தண்ணீரே போதும். குளித்து ஈரம் உலருமுன் மெல்லிதாகத் தேங்காயெண்ணெய் பூசலாம். விலைகூடிய கிறீம் தேவையில்லை. ஆனால் ஓடப்போகுமுன் எண்ணெய் பூசவேண்டாம். வியர்வை வெளியேற வழியில்லாமல் வேர்க்குரு போடும். நைலோன் துணியில் தைத்த விளையாட்டு உடுப்புகளும் அப்படியே. வியர்வையை வெளியே விடாத மலிவான துணி எமது வெயிலுக்கு ஒத்துவராது. தளர்ந்த பருத்திப் பெனியனே எமக்குப் போதும். தொடைகள் ஒன்றோடொன்று உரசிப் புண்படுவோர் ஓடுமுன் அவ்விடத்தில் கொஞ்சம் வசிலின் தடவிக்கொள்ளலாம்.

இனி வேறொரு கதை. இது ஒரு மாணவியைப் பற்றியது.

இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்காகப் பாடசாலைகள் களைகட்டும் தை மாதம். 800 மீற்றர் ஓடும் பெண்பிள்ளை ஒருத்தி பயிற்சியின் நடுவில் நின்று கழுத்தையும் நெஞ்சையும் சொறிவாள். பயிற்றுவித்தவர் பஞ்சிக்குச் சாட்டு என்று நினைத்தார். தாயோ சிவந்த பொட்டுகளைக் கண்டு கொப்பளிப்பான் என்று பயந்து வேப்பிலை கட்டினார். வேப்பிலை கட்டி முடிக்குமுன்னரே பொட்டுகள் போய்விட்டன. அடுத்த நாள் ஓடியதும் திரும்பி வந்தன. அந்தக் குடும்பம் மூன்று முறை இடம்பெயர்ந்த குடும்பம். பிள்ளைக்கென்று இருந்த ஒரே பெருமை அந்த ஓட்டம். பிள்ளை போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டு ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள்.

இந்தக் கடி வேறு. இங்கே தோலில் அடையாளம் உண்டு. குரக்கன் மணியளவான சின்னச் சின்னத் தடிப்புகள், சுற்றிவரச் சிவப்பு. உடம்பு சூடாகி வியர்க்கத் தொடங்கிய சில நிமிடங்களில் கழுத்திலும் நெஞ்சிலும் தொடங்கிப் பரவும். பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் மறையும். ஓட்டம் மாத்திரமல்ல, சுடுநீர்க் குளிப்பு, உறைப்புச் சாப்பாடு, கோபம், பரீட்சைப் பயம் ஆகியவையும் இதைக் கிளப்பும். பதின்ம வயதினரிலும் இளைஞரிலும் அதிகம். வைத்தியர்கள் இதை 1924ஆம் ஆண்டு முதலே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒட்டும் நோயுமல்ல, இரத்தக் கெடுதியுமல்ல, பிள்ளையின் நடிப்புமல்ல.

இதற்குக் குளிசை உதவும். நித்திரை தூக்காத புதிய வகைகளான செற்றிரிசின், லோறற்றடின் போன்றவற்றை வைத்தியர் நாளாந்தம் எடுக்கச் சொல்லக்கூடும். எமது வீடுகளில் கைமருந்தாக இருக்கும் பிரிட்டன் பழைய வகை. கடியை அடக்கும், ஆனால் கண்ணை மூடவைக்கும். அதைப் போட்டுவிட்டு உழவு இயந்திரம் ஓட்டுவதோ, பனை தென்னை ஏறுவதோ, கிணற்றுக் கட்டில் நின்று வேலைசெய்வதோ கூடாது. சிறிது சிறிதாகச் சூடேற்றி வியர்க்கப் பழகுவதும் சிலருக்குப் பலன் தருகிறது. ஒருமுறை நன்றாக வியர்த்துத் தடிப்பு வந்துபோன பின்னர் சில மணித்தியாலங்களுக்கு, சிலருக்கு ஒரு நாள்வரை, திரும்ப வராது. அந்தப் பிள்ளை வைத்தியரைக் கண்டாள். மருந்தோடும் மெதுவான பயிற்சியோடும் அடுத்த ஆண்டு ஓடினாள். மூன்றாமிடந்தான். தாய் அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

இனிச் சொல்லப்போவதை ஆசிரியர்களும் பெற்றோரும் ஒருமுறைக்கு இருமுறை வாசிக்கவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். மிக அரிதாக ஏற்படுவது, ஆனால் உயிரோடு விளையாடுவது.

ஒருவர் கோதுமை மா ரொட்டி சாப்பிடுகிறார், ஒன்றும் செய்வதில்லை. வேறொரு நாள் வெறும் வயிற்றோடு ஓடுகிறார், அப்போதும் ஒன்றுமில்லை. ரொட்டி சாப்பிட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் ஓடினால் மாத்திரம் உடம்பு பெரிய பெரிய தடிப்பாகப் பொங்குகிறது, உதடும் கண்ணிமையும் வீங்குகின்றன, தொண்டை இறுகுகிறது, குரல் கம்முகிறது, மூச்சு இழுக்கிறது, வயிறு பிரட்டி வாந்தி வருகிறது, தலை சுற்றி விழுகிறார். உணவும் ஓட்டமும் சேரும்போது மாத்திரம் வரும் கடும் ஒவ்வாமை இது. நெடுந்தூரம் ஓடும் ஒருவருக்குச் சிப்பி, இறால் வகை உணவின் பின் இப்படி நடந்ததைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 1979இல் வெளிவந்தது. அதன் பின்னர் கோதுமையே இதில் முக்கியமான குற்றவாளி எனத் தெரியவந்திருக்கிறது. எமது பகுதிக்கு இது தூரத்துச் செய்தியல்ல. இறாலும் நண்டும் எமது கடலில் உள்ளவை. கோதுமை மாவோ இடப்பெயர்வுக் காலத்தில் நிவாரணமாக எமது அடுப்படிக்கு வந்து, நிவாரணம் நின்ற பின்னரும் போகாமல் அங்கேயே குடியேறிவிட்டது. குரக்கன் பிட்டும் ஒடியல் மாவும் இருந்த இடத்தில் இப்போது காலையில் பாணும் மாலையில் ரொட்டியுமாக இருக்கிறது. டிஸ்பிரின், புறூபன் போன்ற நோக்குளிசைகளைப் போட்டுவிட்டு ஓடினால் இந்த ஒவ்வாமை இன்னும் இலகுவாகக் கிளம்பும் என்பதையும் கவனியுங்கள்.

இப்படி நடந்தால் உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்செடுக்கக் கஷ்டமானால் சாய்ந்து இருக்க விடுங்கள். எழுப்பி நடத்திக்கொண்டு போகவேண்டாம். இதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அதிரீனலின் ஊசி. அது வைத்தியசாலையில் உண்டு. பிரிட்டன் குளிசை கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் காலம் போய்விடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். 2016இல் தெற்கில் தொடங்கிய இந்தச் சேவை 2018 முதல் வட மாகாணத்திலும் உண்டு. ஒருமுறை இவ்வாறு வந்தவர் மறுபடி தனியே ஓடக்கூடாது. எந்த உணவு என்று வைத்தியர் கண்டறிந்த பின்னர், அதைச் சாப்பிட்டு நாலு மணித்தியாலமாவது கழியாமல் ஓடவும் கூடாது.

இதை வாசித்துவிட்டுப் பிள்ளைகளைப் பட்டினியோடு மைதானத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ரொட்டி தின்றுவிட்டு ஓடுகிறார்கள், ஒன்றும் நடப்பதில்லை. வெறும் வயிற்றோடு வெயிலில் மயங்கி விழும் பிள்ளைகளை நாம் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். அடையாளம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

மற்றக் கடிகள் ஓட்டத்தால் வருபவையல்ல. ஓட்டத்தின் சூட்டில் தலைகாட்டுபவை. அவற்றில் முதலாவது சிரங்கு. நெருக்கமாக வாழ்ந்த எவருக்கும் அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடாரங்களுக்குள் அடைபட்டுத் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நாள்களை அனுபவித்தோர் இந்தப் பக்கங்களின் வாசகர்களில் இருக்கிறார்கள். ஓடும்போது மாத்திரம் கடித்தால் அது சிரங்கல்ல. இரவில் படுத்ததும் கடி கூடினால், விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் சின்னக் கொப்புளங்கள் இருந்தால், வீட்டில் இன்னொருவருக்கும் கடித்தால், அது சிரங்காக இருக்கலாம். தோலுக்குள் குடையும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியே காரணம்; அழுக்கு அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வெட்கப்பட்டு மறைக்கவேண்டிய நோயல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

பேர்மெத்ரின் கிறீமைக் கழுத்திலிருந்து கால் விரல்வரை இரவில் பூசிக் காலையில் கழுவி, ஒரு வாரத்தின் பின் மீண்டும் ஒருமுறை பூசவேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள். எமது மக்கள் விடும் பிழை ஒன்றுதான்: கடிப்பவருக்கு மாத்திரம் பூசுவார்கள். முதல் தடவை தொற்றியவருக்குக் கடி தொடங்க நாலு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை அவர் நல்லவர்போல் நடமாடி மற்றவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஆகவே வீட்டில் பாட்டி முதல் குழந்தைவரை எல்லோரும் ஒரே இரவில் பூசவேண்டும். உடுப்பு, படங்கு, தலையணை உறை ஆகியவற்றைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். தோய்க்க முடியாதவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி மூன்று நாளுக்கு மேல் வையுங்கள். மனித உடம்பில்லாமல் உண்ணி அவ்வளவு நாள் பிழைக்காது. மருந்து பூசிய பின்னரும் இரண்டு மூன்று வாரம் கடி இருக்கும். மருந்து வேலைசெய்யவில்லை என்று திரும்பத் திரும்பப் பூசவேண்டாம். சிரங்கைச் சொறிந்து சீழ்ப்பிடிக்க விட்டால் அந்தக் கிருமி சிறுநீரகத்தையும் தாக்கலாம். பிள்ளையின் முகம் வீங்கி, சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

தொடையிடுக்கில் வட்டமாக ஓரம் சிவந்து பரவும் கடி படர்தாமரை. இதைப் பற்றி ஒரு முறைப்பாடு எமக்குண்டு. மருந்துக்கடையில் கேட்டவுடன் ஸ்ரெறொயிட் கலந்த கிறீம் ஒன்றை நீட்டிவிடுகிறார்கள். இரண்டு நாளில் கடி அடங்கும். பூஞ்சணமோ உள்ளே வளர்ந்து, பூச்சை நிறுத்தியதும் இருமடங்காகத் திரும்பும். தென்னாசியா முழுவதும் இவ்வாறு பழைய மருந்துக்கு மசியாத படர்தாமரை பெருகியிருக்கிறது. வெள்ளைக் கிறீமெல்லாம் ஒன்றல்ல. வைத்தியரிடம் காட்டி, அவர் சொன்ன நாள் முடியும்வரை பூசுங்கள். ஓடி வந்ததும் ஈர உள்ளுடுப்பை மாற்றுங்கள்; ஒரே துவாயை நாலு பேர் பாவிக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள்.

மண்ணைக் குற்றஞ்சாட்டிய அயலவரின் கதையில் ஓர் இம்மியளவு உண்மை இருந்ததையும் நாம் மறைக்கக்கூடாது. குற்றவாளி மண்ணல்ல, மண்ணில் முளைத்தது. நெடுங்காலம் கைவிடப்பட்ட காணிகளில் பார்த்தீனியம் செழித்து நிற்கிறது. 1987இல் வந்த இந்தியப் படையினரின் ஆடுகளோடும் பொருள்களோடும் இது வடக்குக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. வெள்ளைப் பூவும் கரட் இலை போன்ற இலையும் உள்ள இந்தச் செடியின் தூள் காற்றில் பறந்து தோலில் பட்டாலே சிலருக்குக் கடி வரும். கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்து தடித்து நாள்கணக்கில் நிற்கும். ஒரு மணித்தியாலத்தில் போகாது, அதுதான் வேறுபாடு. பூக்குமுன் கையுறையோடு வேருடன் பிடுங்குங்கள். பூனைக்காலியின் சுணை இன்னொன்று. அதன் கடி ஹிஸ்ரமினால் வருவதல்ல. ஆகவே பிரிட்டன் விழுங்கிப் பலனில்லை. சுணையை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்துவிட்டுக் கழுவவேண்டும்.

ஓடாமல், வியர்க்காமல், தோலில் ஒன்றுமில்லாமல், வாரக்கணக்கில் உடம்பு முழுவதும் கடித்தால் அது தோலின் பிரச்சினையாக இல்லாமலிருக்கலாம். நீரிழிவு, ஈரல், தைரொயிட், சிறுநீரகம் என்பவற்றில் ஒன்று உள்ளே கெட்டிருக்கலாம். வவுனியாப் பக்கத்து விவசாயிகள் சிறுநீரக நோயைப் பற்றி அறியாதவர்கள் அல்ல. இரத்தமும் சிறுநீரும் சோதிக்கக் கொடுங்கள்.

நாம் பெரியவரிடம் திரும்பிப்போய் எமது மூன்றாவது சுற்றின் கதையைச் சொன்னோம். முதலில் நம்பவில்லை. "சுவாமிக்கும் கடிச்சதோ?" என்று இரண்டு முறை கேட்டார். தொடையைப் பார்த்தோம், தோலில் தடிப்பில்லை, புள்ளியில்லை, இரவில் கடியுமில்லை. பின்னர் அவர் ஒவ்வொரு நாளும் விடியவெள்ளனக் காணியின் எல்லையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். வேலியைப் பார்ப்பதற்கென்று மனைவியிடம் சொன்னாராம். மூன்றாவது கிழமை அரை ஓட்டம். அந்தப் போகத்து வெங்காயம் கிண்டும்போது கடி நின்றுவிட்டிருந்தது. குத்தகைப் பேச்சும் நின்றுவிட்டது.

நாம்தான் சொன்னதைச் செய்யவில்லை. காய்ச்சல் ஒன்றைச் சாட்டாக வைத்து இரண்டு மாதம் ஓடாமல் விட்டோம். மீண்டும் தொடங்கிய அன்று, மைதானத்தின் மூன்றாவது சுற்றில், தொடைகள் பழையபடி கடித்தன. சந்தைக்குப் போகும் வழியில் பெரியவர் சைக்கிளை மதிலோடு சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன சுவாமி, மைதானத்துக்கு அடையாளம் தெரியேல்லையோ?"